போஸ்ட்மாஸ்டர் செய்த ஆபரேஷன்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டு ஒன்று பல வருடங்களாகக் கிடக்கிறது. மெல்பர்னில் வேலை பார்க்கும் தங்கை மகன் முதல் தடவை ஊருக்கு வந்தபோது, "மாமா, ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க" என்று கொடுத்தது. பிளாஸ்டிக் நோட்டு, நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. அதில் ஒரு பெரியவரின் முகம் இருக்கும். அவரைச் சுற்றி ஒரு பழைய காலத்து விமானம், ஒட்டகத்தின் மேல் ஓர் ஆள், ஏதோ ஒரு கருவி, மனித உடம்பைக் கோடு போட்டு வரைந்த ஒரு படம். ரூபாய் நோட்டில் உடம்புப் படம் எதற்கு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "கூகுள்ல பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டான்.

பார்த்தேன். பார்க்கப் போன இடத்தில் ஒரு தந்திக்காரர் கதை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் தந்தி இலாகாவில் சம்பளம் வாங்கியவன் நான். சும்மா இருக்க முடியுமா? கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். போன மாதம் சின்னமனூரில் ஒரு சம்பவம் நடந்தபோது அந்தக் கதை மறுபடி நினைவுக்கு வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் ஹால்ஸ் கிரீக் என்று ஓர் ஊர். 1885-ல் அங்கே தங்கம் கிடைத்தது என்று கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். தங்கம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட, சில வீடுகளும் மண்சுவர் வைத்த ஒரு தபால் தந்தி ஆபீசும் மிச்சம். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். பண்ணை என்றால் நம் ஊர்க் கணக்கு இல்லை, ஒரு பண்ணையே நம் தாலுகா அளவுக்கு இருக்கும்.

1917 ஜூலை கடைசியில் ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்க்கும் இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து அடிவயிற்றில் பலமாக அடிபட்டார். அண்ணன் தம்பிகள் வண்டியில் போட்டு எழுபது எண்பது கிலோமீட்டர் பாதையில்லாத பாதையில் ஹால்ஸ் கிரீக்குக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரியும் கிடையாது. இருந்தவர் போஸ்ட்மாஸ்டர் டக்கெட் மட்டும்தான். அவர் முதலுதவி வகுப்பில் படித்தவர் என்பது ஊருக்குத் தெரியும்.

டக்கெட் முதலில் பக்கத்து ஊர்களுக்குத் தந்தி கொடுத்துப் பார்த்தார். பக்கத்து ஊர் என்பது பல நூறு கிலோமீட்டர். அங்கேயும் டாக்டர் கிடைக்கவில்லை. அப்போதுதான் தனக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்த டாக்டர் ஹாலண்ட் நினைவுக்கு வந்தார். அவர் இருந்தது பெர்த் நகரத்தில். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கம்பி மட்டும் அதுவரை போனது.

பெர்த் தந்தி ஆபீசுக்கு டாக்டரை வரவழைத்தார்கள். இந்த முனையில் டக்கெட், அந்த முனையில் டாக்டர், நடுவில் மோர்ஸ். நோயாளிக்கு எங்கே வலி, எங்கே வீக்கம், சிறுநீர் போகிறதா என்று அங்கிருந்து கேள்வி வந்தது. இங்கிருந்து பதில் போனது. சிறுநீர்ப்பை சேதப்பட்டிருக்கிறது, உடனே கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். தன்னிடம் கருவி ஒன்றுமில்லை என்றார் டக்கெட். பேனாக் கத்தி இருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். மயக்க மருந்து இல்லை. கிருமி நாசினியாக பெர்மாங்கனேட் மட்டும் இருந்தது. நம் ஊரில் கிணற்றில் போடுவார்களே, அதே ஊதா நிறத் தூள்தான். தன் கையால் அந்த மனிதர் செத்துவிட்டால் என்ன செய்வது என்று டக்கெட் தயங்கியதாகவும், செய்யாவிட்டாலும் சாகத்தான் போகிறார் என்று டாக்டர் பதில் கொடுத்ததாகவும் சொல்கிறார்கள்.

டார்சியைக் கட்டிப் போட்டு, தந்தியில் வந்த ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து டக்கெட் அறுத்தார். மணிக்கணக்கில் நடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மோர்ஸ் வாங்குகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்து காதில் விழும், கை எழுதும், மனசு எதிலும் ஒட்டாது. ஒட்டினால் வேலை ஓடாது. "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று ஒரு நாளைக்கு எத்தனை வாங்கியிருப்போம்! எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தந்திச் சேவகர் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தாலே யார் வீட்டிலாவது ஒப்பாரி தொடங்கிவிடும், பிரித்துப் படிப்பதற்கு முன்பே. 2013 ஜூலையில் நாடு முழுவதும் தந்தி சேவையை நிறுத்தியபோது பேப்பர்காரர்கள் உருகி உருகி எழுதினார்கள். நான் அவ்வளவாக உருகவில்லை. என் கையால் போன தந்திகளில் நோயைச் சொன்னவை ஆயிரக்கணக்கில் இருக்கும். மருந்தைச் சொன்னது ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. டக்கெட் விஷயம் வேறு. வாங்கிய எழுத்தை எழுதி வைத்துவிட்டுப் போகாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

ஆபரேஷன் சரியாகவே நடந்தது. ஆனால் டார்சியின் நிலை மறுபடியும் மோசமானது. டாக்டர் ஹாலண்ட் நேரிலேயே புறப்பட்டுவிட்டார். மாடு ஏற்றும் கப்பலில் டெர்பி துறைமுகம், அங்கிருந்து ஒரு ஃபோர்டு கார், கார் படுத்துக்கொண்ட பிறகு குதிரை வண்டி. அவர் போய்ச் சேர்ந்தபோது டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பார்த்த டாக்டர், ஆபரேஷனில் குற்றமில்லை என்றார். சாவுக்குக் காரணம் மலேரியாவும் உள்ளே இருந்த ஒரு சீழ்க்கட்டியும்.

இந்தச் சாவுச் செய்தியை ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் தினமும் தொடராகப் போட்டன. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு மாட்டுக்காரப் பையனின் உயிருக்காக ஜனங்கள் பேப்பரைப் பிரித்தார்கள். அதே சமயத்தில் ஒருவர் இதைப் பற்றி ரொம்பவும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர்தான் நோட்டில் இருக்கும் பெரியவர், ஜான் ஃபிளின். பாதிரியார். 1912 முதல் உள்நாட்டு மக்களுக்காக ஒரு மிஷனை நடத்தி வந்தார். போரில் விமானப் படையில் இருந்த கிளிஃபோர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர், டாக்டரை விமானத்தில் அனுப்பினால் என்ன என்று அவருக்கு 1917 கடைசியில் ஒரு கடிதம் எழுதினார். செலவுக் கணக்கெல்லாம் போட்டு எழுதிய கடிதம். அடுத்த வருடமே அந்தப் பையன் பிரான்சில் போர்முனையில் இறந்துபோனான். தன் கடிதம் என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

ஃபிளினுக்குப் பணம் சேர்க்கவும் ஆள் பிடிக்கவும் பத்து வருடம் பிடித்தது. 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தில் கிளன்கரி என்ற ஊரிலிருந்து, குவான்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த ஒரு விமானத்தில் முதல் பறக்கும் டாக்டர் புறப்பட்டார். முதல் வருடத்தில் 50 பயணம், 225 நோயாளிகள். இதை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. விமானம் வந்துவிட்டது, டாக்டர் தயார், சரி. பாம்பு கடித்துக் கிடக்கிறவன் வீட்டிலிருந்து டாக்டரைக் கூப்பிடுவது எப்படி? ஹால்ஸ் கிரீக்கிலாவது தந்திக் கம்பி இருந்தது. பண்ணை வீடுகளில் அதுவும் இல்லை. மின்சாரமும் இல்லை.

அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற இன்ஜினியர் இதற்கு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் பெடலை மேசைக்கு அடியில் பொருத்தி, மிதித்தால் மின்சாரம் வருகிற மாதிரி ஒரு ஜெனரேட்டர். நம் வீடுகளில் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி காலால் மிதித்துக்கொண்டே கையால் செய்தி அனுப்பலாம். 1929-ல் முதல் பெடல் ரேடியோக்கள் பண்ணைகளுக்குப் போயின. அதிலும் ஒரு சிக்கல். ஆரம்பத்தில் அது மோர்ஸ்தான். பண்ணை வீட்டில் இருக்கும் பெண் சமைப்பாளா, பிள்ளையைப் பார்ப்பாளா, கட்டுக்கடவென்று புள்ளியும் கோடும் படிப்பாளா? (எனக்கே அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆயிற்று, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) டிரேகர் அவர்களைத் திட்டவில்லை. கருவியை மாற்றினார். டைப்ரைட்டர் மாதிரி எழுத்துப் பொத்தானை அழுத்தினால் தானே மோர்ஸாக மாறிப் போகிற ஒரு விசைப்பலகை செய்து கொடுத்தார். முப்பதுகளின் நடுவில் பேசவே முடிகிற ரேடியோ வந்துவிட்டது.

பிறகு மருந்துப் பெட்டி. 1942 முதல் பண்ணைகளுக்கு ஒரே மாதிரியான பெட்டி கொடுத்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நம்பர். வாயில் நுழையாத மருந்துப் பெயர்கள் வேண்டாம், ரேடியோவில் டாக்டர் நம்பரைச் சொன்னால் போதும். 1951-ல் லூசி கார்லிக் என்ற நர்ஸ் அதற்கு ஒரு ஜோடி கண்டுபிடித்தார். அதுதான் அந்த நோட்டில் இருக்கும் உடம்புப் படம். உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, பகுதி பகுதியாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். அதே படம் டாக்டரிடமும் இருக்கும். "வயித்துல இந்தப் பக்கமா, இல்லல்ல, கொஞ்சம் கீழ, பக்கவாட்டுல" என்று திணற வேண்டியதில்லை. எந்த நம்பரில் வலி, அழுத்தினால் வலிக்கிறதா, எடுத்தால் வலிக்கிறதா என்று பேச்சு ஒழுங்காகப் போகும்.

ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. ஒன்பதாம் நம்பர் மருந்து கொடு என்று டாக்டர் சொன்னாராம். பெட்டியில் ஒன்பது தீர்ந்துபோயிருக்கிறது. வீட்டுக்காரர் நாலையும் ஐந்தையும் கலந்து கொடுத்துவிட்டாராம். கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனாலும் நன்றாக இருக்கிறது.

இதில் ரகசியம் என்பது கிடையாது. டாக்டர் நேரத்தில் எல்லாப் பண்ணையிலும் ரேடியோ திறந்தே இருக்கும். உங்கள் மூலக் கடுப்பை முந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் அத்தனை பேரும் கேட்பார்கள். டாக்டர் போன பிறகு பெண்கள் பேசிக்கொள்ள ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு காலா செஷன் என்று பெயர். காலா என்பது ஓயாமல் கத்தும் ஒரு ஆஸ்திரேலியக் கிளி. பெயர் வைத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன். நம் நாட்டில் டெலிமெடிசின் என்ற பேச்சு பெரிதாக அடிபட்டது 2000 மார்ச்சில். அமெரிக்க அதிபர் கிளின்டன் வந்திருந்தபோது சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோவின் டெலிமெடிசின் மையத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்து இஸ்ரோ தன் செயற்கைக்கோளை வைத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது ஒரே பெருமை. எங்கள் கம்பி செய்ததை ஆகாயத்தில் செய்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து சொந்தக்காரர் ஒருவரை இதய நோய்க்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மாடியில் "டெலிமெடிசின்" என்று போர்டு மாட்டிய ஏசி அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய டி.வி., கேமரா, அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "அத ஓட்டத் தெரிஞ்சவர் மாறுதல்ல போய்ட்டாரு சார். வேற ஆள் போடல. சாவி சூப்பிரண்டன்ட் கிட்ட இருக்கு" என்றார். வானத்தில் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் நோயாளியை வேன் பிடித்து மதுரைக்குக் கொண்டு போனோம்.

மதுரை என்றதும் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். டாக்டர் ஜி. வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகி, கண் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1985-ல் எங்கள் தேனிக்கும் ஒரு கிளை வந்தது. அவர்கள் ஊர் ஊராக நடத்திய இலவச கண் முகாம்களை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஆனால் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அவர்களையே திடுக்கிட வைத்தது. கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள். வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ்ஸும் சாப்பாடும் இலவசமில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பயம் வேறு.

வராத 93 பேரில் ஒருத்தி என் அம்மா. அந்த ஆய்வுக்கு முந்தைய காலம்தான் என்றாலும் கணக்கு அதேதான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டார்கள். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை. வரச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அன்றைக்குப் பசு கன்று போடுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்று பதில் வந்தது. அடுத்த முகாம் வந்தபோது வேறு ஏதோ காரணம். கடைசி நாலு வருடம் அம்மா பேரன் பேத்திகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். கண்புரை. பதினைந்து இருபது நிமிட ஆபரேஷன்.

முகாமால் ஆகாது, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று 2004-ல் அவர்கள் பார்வை மையங்களைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் உள்ள வட்டாரத்துக்கு ஒரு மையம். கண் டாக்டர் அங்கே உட்கார மாட்டார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்ப, தேனி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் கணினித் திரையில் நோயாளியோடு பேசுவார். அப்போது இந்தப் பக்கத்தில் இன்டர்நெட் ஆமை வேகம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் எரிக் புரூவரின் குழு வந்து, வீட்டுக்குள் எட்டுகிற சாதாரண வை-ஃபையை மென்பொருளில் திருத்தி, கோபுரத்தில் ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தாண்ட வைத்தது. அவர்களுக்கு மலை தடையில்லை, தூரம் தடையில்லை. நம் மின்சாரம்தான் எமனாக வந்தது. ஓல்டேஜ் ஏறி இறங்கிக் கருவிகள் பொசுங்கின. அதைச் சமாளிக்க உள்ளூர் ஆட்களையே பழக்கினார்கள். அதனால் அந்த அறைகள் பூட்டிக் கிடக்கவில்லை. இப்போது மையங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. 2020-ல் கொரோனா வந்து, டெலிமெடிசினுக்கு அரசாங்கமே விதிமுறை வகுத்து, செல்போனிலேயே டாக்டரைப் பார்க்க இ-சஞ்சீவனி வந்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு அது பழைய சங்கதி.

இப்போது சின்னமனூர் சம்பவம். போன மாதம் என் மனைவிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பார்வை மையத்துக்குப் போனோம். இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பெண். கண்ணில் கருவி வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். கண்ணின் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினாள். திரையில் டாக்டரம்மா வந்தார். நாலைந்து கேள்வி கேட்டார். கண்நீர் அழுத்த நோயின் ஆரம்பம் மாதிரி தெரிகிறது, வலியே இருக்காது, அதனால்தான் பலர் கவனிக்காமல் பார்வையை இழக்கிறார்கள், ஒருமுறை தேனிக்கு வாருங்கள், அதுவரை இந்தச் சொட்டு மருந்து போடுங்கள் என்றார். மொத்தம் ஐந்து நிமிடம்.

திரை அணைந்தது. நாங்கள் எழுந்தோம். அந்தப் பெண் விடவில்லை.

"அம்மா, மருந்து எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க."

என் மனைவி அண்ணாந்து போட்டாள். கன்னத்தில் வழிந்தது.

"இமையக் கீழ இழுங்க. இன்னும் கொஞ்சம். இப்பப் போடுங்க."

இரண்டாவது மூக்கில் விழுந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. துடைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய வேறொரு குப்பியைக் கொடுத்து மறுபடி போடச் சொன்னாள். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான்காவது தடவை சரியாக விழுந்தது. "இப்ப நீங்க போட்டுப் பாருங்க சார், அவங்களுக்கு முடியாத அன்னைக்கு நீங்கதானே போடணும்" என்று குப்பியை என் கையில் கொடுத்தாள்.